பசலைக்கீரை அசைவமான ஊர்

போன மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு பெண்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். நோயாளிக்கு என்ன சாப்பாடு கொடுப்பது என்பதற்கு இப்போது தனிப் படிப்பே வந்துவிட்டதாம். அதைப் படித்துவிட்டு, நான் பார்த்த வேலையில் சேர்ந்திருக்கிறார்கள். ஒருத்தி வங்காளி, மற்றவள் கல்கத்தாவில் பவானிப்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ்ப் பெண் கைப்பையிலிருந்து ஒரு சின்னக் குப்பியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே மாத்திரைகள்.

"மாஷிமா, இதுல ஒண்ணு முழுங்கினா போதும். அரிசித் தவிட்டுல இருக்கற சத்து மொத்தமும் வந்துடும்" என்றாள். மாஷிமா என்றால் பெரியம்மா, சித்தி.

"அரிசியிலிருந்து தவிட்டை எடுக்க ஒரு யந்திரம், எடுத்ததைக் குப்பியில் அடைக்க இன்னொரு யந்திரம். நடுவில் சாப்பிடுகிறவள் என்ன செய்ய வேண்டும், கைதட்ட வேண்டுமா?" என்று கேட்டேன். சிரித்தார்கள். என் வாய் அப்படி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். பிறகு வங்காளிப் பெண் கேட்டாள், மாத்திரை இல்லாத காலத்தில் நீங்கள் என்னதான் செய்தீர்கள் என்று. வாயால் சொன்னால் சுருக்கிவிடுவேன் என்று தெரிந்து, எழுதித் தரச் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதுகிறேன்.

என் பெயர் சிவகாமி. திருநெல்வேலிப் பக்கத்துச் சைவ வேளாளர் வீட்டில் பிறந்தவள். கல்யாணமாகிக் கல்கத்தாவுக்கு வந்தேன். கணவர் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. சில வருஷங்களில் காய்ச்சலில் போய்விட்டார். குழந்தை இல்லை. என் அண்ணன் ஹவுராவில் ரயில்வே ஆபீஸில் இருந்தான். ஊருக்குத் திரும்பி மூலையில் உட்கார எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணன் வீட்டிலேயே தங்கினேன். அப்போதுதான் ஒரு பெண்கள் ஆஸ்பத்திரியில் இந்துச் சமையற்கட்டை மேற்பார்வை பார்க்க ஓர் இந்து ஸ்திரீ தேவை என்று தெரியவந்தது. வீட்டைவிட்டு வெளியே வராத குடும்பப் பெண்களுக்கென்று இருந்த ஆஸ்பத்திரி அது. ஆண்பிள்ளைகள் வார்டுக்குள் வரக்கூடாது.

தலைநகரம் தில்லிக்குப் போகாத காலம் அது. வேலை பழகிய கதையை நீட்ட வேண்டியதில்லை. சேர்ந்தபோது எனக்கு அடுப்பு தெரியும், வங்காளம் தெரியாது. ஒரு வருஷத்தில் வங்காளம் வந்துவிட்டது. அடுப்பைப் பற்றி எனக்குத் தெரியாதது நிறைய என்பதும் தெரிந்துவிட்டது. சமையல்காரர் ஹரி டாகுர் பிராமணர். டாகுர் என்றால் அங்கே சமையல்கார ஐயர் என்று அர்த்தம். அவருக்கும் எனக்கும் முதல் சில மாதம் ஒத்துப்போகவில்லை. பிறகு ஒருநாள் நான் வாழைப்பூவைக் கள்ளன் நீக்கி ஆய்வதைப் பார்த்தார். "மாட்ராஸிலும் மோச்சா தின்கிறார்களா!" என்று வாயைப் பிளந்தார். வாழைப்பூவுக்கு அவர்கள் வைத்த பெயர் மோச்சா. வாழைத்தண்டையும் நாங்கள் விடமாட்டோம் என்று சொன்னதும் மனிதர் எனக்கு உட்கார மணை எடுத்துப் போட்டார்.

பெரிய டாக்டர் மிஸ் ஹார்வி என்கிற வெள்ளைக்கார அம்மாள். ஒடிசலான உடம்பு, நரைத்த தலை. அவருக்கு வங்காளம் வராது, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பேசிக்கொள்வோம். வார்டில் எங்கேயும் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது என்பார். கோபம் வந்தால் குரல் தணிந்துவிடும். அவர் மெல்லப் பேச ஆரம்பித்தால் நர்ஸ்கள் சுவரோரம் ஒதுங்குவார்கள். சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய ஒரு கரண்டி எப்போதும் இருக்கும். எங்கள் சமையற்கட்டு வாசலில் நின்றுகொள்வார். உள்ளே கால் வைத்தால் டாகுர் பாத்திரங்களை எல்லாம் தூக்கி எறிய வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெரியும். நான் ஒரு கிண்ணத்தில் கொண்டுபோய் நீட்டினால் ருசிபார்த்து, "உப்பு" என்றோ "வேகவில்லை" என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார்.

ஆனால் அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது ருசி பார்ப்பதை அல்ல, எச்சில் பார்ப்பதை. நோயாளிகள் சாப்பிட்ட தட்டுகளை உடனே கழுவக்கூடாது. முற்றத்தில் வரிசையாக, படுக்கை வரிசைப்படி வைக்க வேண்டும். நான் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்க்க வேண்டும். எதைத் தின்றிருக்கிறாள், எதை ஒதுக்கியிருக்கிறாள், ஒதுக்கியதைத் தொட்டுப் பார்த்து ஒதுக்கினாளா, தொடாமலே விட்டாளா. எல்லாம் அவரிடம் சொல்ல வேண்டும். மருந்தை நர்ஸ் ஊற்றினால் உள்ளே போய்விடும், சாப்பாட்டை யாரும் ஊற்ற முடியாது என்பார். ஊரார் எச்சிலை உற்றுப் பார்ப்பதா என்று முதலில் முகம் சுளித்தேன். வீட்டுக்கு வந்ததும் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்வேன். அண்ணனுக்குத் தெரிந்தபோது, "ஏட்டி சிவாமி, நம்ம வீட்டுல எச்சித் தட்ட நீ எடுத்ததுண்டா? இங்க வந்து ஊரு எச்சிக்குக் காவல் இருக்கியே!" என்று தலையில் அடித்துக்கொண்டான். நாளாக ஆக அதில் எனக்கு ஒரு பிடிப்பு வந்தது. பிரசவித்தவள் தட்டில் கீரை அப்படியே இருந்தால் மாமியார் பத்தியம் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்று புரியும். முருங்கைக்கீரை காலியாகிவிட்டால் டாகுர் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்ப்பேன். அவருக்கு முருங்கை என்றால் பூவும் காயும்தான். இலையை நான் பரிந்துகொண்டு சமைக்கச் சொன்னது அவருக்கு வெகுநாள் பொறுக்கவில்லை.

நிஸ்தாரிணி வந்தது ஒரு மழைக்காலத்தில். வடகல்கத்தாவில் நல்ல வசதியான குடும்பத்து விதவை. என் வயதுதான் இருக்கும், முப்பதை ஒட்டி. இரண்டு காலும் வீங்கிப் பளபளவென்று இருந்தன. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. மிஸ் ஹார்வி பாதத்தில் ஊசியால் குத்திப் பார்த்தார். அவள் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டபோது டாக்டரம்மாவின் முகம் எனக்குப் பிடிக்கவில்லை.

"பெரிபெரி" என்று என்னிடம் சொன்னார். "கால் பரவாயில்லை. இதயம் போய்க்கொண்டிருக்கிறது." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீ தமிழ்ப் பெண்தானே, உன் வீட்டில் என்ன அரிசி?" என்றார்.

"புழுங்கல்" என்றேன். நெல்லை அவித்துக் காயவைத்துக் குத்துவது என்று விளக்கினேன்.

மலாய் நாட்டில் சீனத் தொழிலாளிகளுக்கு இந்த வியாதி வருகிறது, தமிழ்த் தொழிலாளிகளுக்கு வருவதில்லை என்று அவர் எங்கோ படித்திருந்தார். சீனர்களுக்கு மில்லில் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி, தமிழர்களுக்குப் புழுங்கல். தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிற ஏதோ ஒரு சத்து புழுங்கலில் தங்கிவிடுகிறது என்பது அவர் எண்ணம். எல்லா டாக்டர்களும் அதை ஒப்புக்கொள்ளவில்லையாம். "நான் ஒப்புக்கொள்கிறேன். இன்று முதல் அவளுக்குப் புழுங்கல் அரிசி" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கல்கத்தாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் எங்கள் சோற்றை ஒருவர் புகழ்ந்து கேட்டது அன்றுதான்.

புழுங்கலரிசிக்கு வங்காளிகள் சொல்வது சித்தோ சால். வந்த புதிதில் அது சித்தர்கள் சாப்பிடும் அரிசி என்று நினைத்துப் பயபக்தியோடு வாங்கிவந்தவள் நான். நிஸ்தாரிணிக்கு அது பாவத்தின் மூட்டை. தட்டைப் பார்த்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வங்காளத்து விதவை சித்தோ தொடமாட்டாள். ஆத்தப் என்கிற பச்சரிசிதான், அதுவும் ஒரே வேளை. அன்று தட்டு போனபடியே திரும்பி வந்தது. மறுநாளும் அப்படியே.

ஆஸ்பத்திரியில் ஒரு சட்டம் உண்டு. கொடுக்கிற உணவை ஏற்காத நோயாளியை அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். படுக்கைக்காக வெளியே காத்திருப்பவர்கள் அதிகம். நிஸ்தாரிணி வீட்டுக்குப் போனால் அங்கேயும் அதே வெள்ளை அரிசிதான். ஒன்று அவள் இங்கே சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அங்கே போய்ச் சாக வேண்டும். மிஸ் ஹார்வி இதை என்னிடம் மிக மெல்லிய குரலில் சொன்னார்.

"அரிசி வேண்டாமென்றால் விடு. பருப்பு, கீரை, உங்கள் மாமிசமில்லாத சாப்பாட்டிலேயே எது நல்ல சத்தோ அதைக் கொடு" என்றார்.

இது எனக்கு அல்வா சாப்பிடுகிற மாதிரி. மாமிசமில்லாததற்கு வங்காளத்தில் நிராமிஷ் என்பார்கள். நான் அதைச் சைவம் என்று மனசுக்குள் தமிழ்ப்படுத்தி வைத்திருந்தேன். சைவச் சாப்பாட்டைப் பற்றி எனக்கா சொல்லித்தர வேண்டும்? அன்று பொது வார்டுக்கு டாகுர் மசூர் என்கிற சிவப்புப் பருப்பு வைத்திருந்தார், வெங்காயம் தாளித்து. பூசணி போட்டுக் கொடிப்பசலைக் கறியும் இருந்தது. தளதளவென்று இளங்கொடி. டாகுர் குளிக்கப் போயிருந்தார். சூடு ஆறுவதற்குள் கொடுத்துவிடலாம் என்று நானே இரண்டையும் எடுத்துக்கொண்டு போனேன்.

நிஸ்தாரிணி தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் முட்டியது. "என் சாதியைக் கெடுக்கவா இங்க கூட்டிட்டு வந்தாங்க?" என்றாள்.

"என்னம்மா இது, பருப்பும் கீரையும்தானே?" என்றேன்.

பக்கத்தில் நின்ற ஆயா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஓ மா! மசூர்ப் பருப்பு ஆமிஷ், புயி சாக் ஆமிஷ், வெங்காயம் கேக்கவே வேண்டாம். விதவைக்கு இதையா கொண்டுவருவீங்க?"

புயி சாக் என்பது எங்கள் கொடிப்பசலை. ஆமிஷ் என்றால் மீனும் மாமிசமும் சேர்ந்த வகை. வேலியில் படர்கிற கொடி எப்போது மீனோடு சேர்ந்தது என்று எனக்கு விளங்கவில்லை. யாரைக் கேட்டாலும், எப்போதுமே அப்படித்தான் என்றார்கள்.

நிஸ்தாரிணி என் வெள்ளைச் சேலையை உற்றுப் பார்த்தாள். "நீங்களும் என்னை மாதிரிதானே? இதெல்லாம் நீங்க சாப்பிடறீங்களா?"

"சாப்பிடுவேன்."

"வெங்காயம்?"

"அதுவும்தான். பூண்டும்."

"சித்தோ சோறு?"

"மூணு வேளையும்."

"அப்ப நீங்க என்ன விதவை?" என்றாள்.

சுருக்கென்று தைத்தது. என் புருஷனுக்காக நான் அழுததை அளக்க இவள் யார், வெங்காயமா அதற்குத் தராசு என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டிருந்தால் ஒருவாரம் தூங்கியிருக்கமாட்டேன். தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அவள் அன்று முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தீட்டுக் கழிய உபவாசமாம். வீங்கிய காலோடு, இரைக்கிற மூச்சோடு உபவாசம்.

திட்டு விழும் என்று காத்திருந்தேன். மிஸ் ஹார்வி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். "கீரை ஒன்று மாமிசம் என்கிறாளா?" என்று மறுபடி கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு விறுவிறுவென்று நடந்து நிஸ்தாரிணியின் கட்டிலருகே போய், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் வார்டில் உட்கார்ந்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தோம். நர்ஸ்கள் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள்.

"இதுவரை நாம் அவளிடம் எதைச் சாப்பிட வேண்டும் என்று சொன்னோம். எதைச் சாப்பிடலாம் என்று கேட்கவில்லை. கேள்" என்றார் என்னிடம்.

கேட்டேன். நிஸ்தாரிணிக்கு என்மேல் கோபம் போகவில்லை. இருந்தாலும் ஒரு மேம் டாக்டர் தன் சாப்பாட்டைக் கேட்க முக்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பது அவளை என்னவோ செய்தது. மெதுவாகச் சொன்னாள். பாசிப்பருப்பு ஆகும். ஊறவைத்த பாசிப்பயறு, இஞ்சி, தேங்காய்க் கீற்றோடு, பூஜைப் பிரசாதமாகவே உண்டு. வாழைக்காய் ஆகும். எள், நெய், பால், இந்துப்பு ஆகும். நான் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல டாக்டரம்மா தலையை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"புழுங்கல் ஏன் ஆகாது?"

"நெல்லா இருக்கறப்ப ஒருதரம் வெந்தது. சோறாகறப்ப மறுபடி வேகுது. ரெண்டுதரம் வெந்தது எச்சல் மாதிரி."

மிஸ் ஹார்வி அதை உடனே பிடித்துக்கொண்டார். "அப்படியானால் அவளுக்கு ஆகாதது வேகவைத்தது. தவிடு அல்ல. தவிட்டைப் பற்றி ஏதாவது தோஷம் உண்டா, கேள்."

நிஸ்தாரிணி முதல்முறையாகச் சிரித்தாள். "தவிட்டுக்கு என்ன தோஷம்? எங்க அப்பா வீட்டுல ஆத்தப் அரிசி சிவப்புக் கோடு கோடாத்தான் இருக்கும். டேக்கியில நாங்களே மிதிச்சுக் குத்தறது. கல்யாணமாகி வந்தப்பறந்தான் இந்த மில்லு அரிசி. வீட்டுல எல்லாருக்கும் சித்தோ, அவர் இருந்தவரைக்கும் எனக்கும். அவர் போனப்பறம் எனக்கு மட்டும் தனியா, கடையிலேயே ஒசந்ததா, மல்லிப்பூ மாதிரி அரிசி பாஷுர் வாங்கிப்போடறார்."

பாஷுர் என்றால் கணவனின் அண்ணன். டேக்கி என்பது நீளமான மரத்தண்டு. ஒரு முனையைக் காலால் அழுத்தினால் மறுமுனை எழும்பும், விட்டால் உரலில் விழும். தம்பி மனைவிக்கு ஒரு குறையும் வைக்கக்கூடாது என்று அந்த மனிதர் தேடித் தேடி வெள்ளை அரிசி வாங்கியிருக்கிறார். அந்த அன்புதான் அவள் காலை வீங்க வைத்திருக்கிறது. மற்றவர்கள் சித்தோவும் மீனும் தின்று நன்றாக இருந்தார்கள்.

டேக்கியில் குத்திய பச்சரிசி வேண்டும் என்றதும் ஆஸ்பத்திரிக்கு அரிசி போடுகிற வியாபாரி கையை விரித்துவிட்டார். கல்கத்தாவில் அதைக் கேட்பவர் யாருமில்லை என்றார். அண்ணனிடம் சொன்னேன். "வம்ப வெலைக்கு வாங்குததே ஒனக்கு வேலயாப் போச்சு" என்று முணுமுணுத்தான். ஆனாலும் அவன் ஆபீஸ் பியூனின் கிராமம் ஹவுராவுக்கு அப்பால் இருந்தது. அங்கே வீட்டுக்கு வீடு டேக்கி. இரண்டாம் நாள் அண்ணன் ஒரு மூட்டையோடு வந்து நின்றான். "நல்லாப் பாத்துக்கோ, மாட்டுக்கு வைக்கித மாதிரி இருக்கு" என்றான். எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த அரிசியை எப்படிச் சமைப்பது என்பதை மிஸ் ஹார்வி வாசலில் நின்று சொன்னார். ஒருமுறை மட்டும் லேசாகக் களைய வேண்டும். கஞ்சி வடிக்கக்கூடாது, தண்ணீர் சோற்றிலேயே சுண்ட வேண்டும். கஞ்சி வடிக்காத சோறு சோறே இல்லை என்று டாகுர் முறைத்தார். பிறகு தனிப் பாத்திரத்தில், தனி அடுப்பில், குளித்துவிட்டு வந்து அவரே வைத்தார். பாசிப்பயறை நான் ஊறவைக்கவில்லை. அவர் கையால் ஊறவைக்கட்டும் என்று ஒதுங்கிக்கொண்டேன். வாழைக்காயை வேகவைத்து நெய்யும் இந்துப்பும் போட்டுப் பிசைந்தார்.

அன்று முற்றத்தில் தட்டுகளை வரிசையாக வைத்தபோது நிஸ்தாரிணியின் தட்டைத்தான் முதலில் போய்ப் பார்த்தேன். ஒரு பருக்கை இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. எச்சில் தட்டைப் பார்த்து அழுகிறாளே என்று பாத்திரம் தேய்ப்பவள் திகைத்துப்போனாள்.

சட்டம் சொன்ன வாரக் கடைசி வந்தது. அவளை யாரும் அனுப்பவில்லை. மெல்ல மெல்ல வீக்கம் வற்றியது. மூச்சு சீரானது. ஒருநாள் ஊசி குத்தியபோது "உஃப்!" என்று காலை இழுத்துக்கொண்டாள், மிஸ் ஹார்வி மன்னிப்புக் கேட்டார், முகமெல்லாம் சிரிப்பாக. எங்களுக்குள்ளும் பேச்சு வந்தது. நான் வெங்காயம் தின்பதை அவள் மன்னிக்கவில்லை. ஆனால் என்னை மாட்ராஸி திதி என்று கூப்பிட ஆரம்பித்தாள். திதி என்றால் அக்கா. "உங்க ஊர்ல விதவைக்கு வேற என்னெல்லாம் உண்டு?" என்று ரகசியமாகக் கேட்பாள், நான் சொன்னால் காதைப் பொத்திக்கொண்டு கேட்பாள்.

வீட்டுக்குப் போகிற நாளில் பாஷுர் வந்தார். ஆண்பிள்ளைகளுக்கென்று இருந்த முன்கூடத்தில் திரை கட்டியிருக்கும். திரைக்கு அந்தப்பக்கம் அவர், இந்தப்பக்கம் முக்காட்டோடு நிஸ்தாரிணி. வங்காளத்தில் ஒருத்தி கணவனின் அண்ணனோடு பேசக்கூடாது, முகம் காட்டக்கூடாது. மிஸ் ஹார்வியும் நானும் திரையோரம் நின்றோம்.

இனி அந்த வெள்ளை அரிசி கூடாது, தவிடு போகாத குத்தரிசிதான், இல்லாவிட்டால் வியாதி திரும்பி வரும் என்று டாக்டரம்மா சொல்லச் சொல்ல நான் வங்காளத்தில் சொன்னேன்.

அவர் கைகூப்பினார். நல்ல மனிதர், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "உயிரைத் திருப்பிக் கொடுத்தீங்க. வேற என்ன சொன்னாலும் கேப்பேன். ஆனா தம்பி போனப்பறம் அவன் பெண்டாட்டிக்கு மாட்டுத்தீனி போடறான்னு பாடா முழுக்கப் பேசும். அந்தப் பேச்சை என்னால தாங்க முடியாது." பாடா என்றால் அக்கம்பக்கத்துத் தெருக்கள்.

"பேச்சு பெரிதா, உயிர் பெரிதா?" மிஸ் ஹார்வியின் குரல் தாழ்ந்துவிட்டது.

"பேச்சுக்கு நடுவுலதான் நாங்க வாழணும், மேம் சாஹேப்" என்றார் அவர். பிடிவாதமாக இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்குப் பயமாகிவிட்டது. பிடிவாதக்காரரோடு சண்டை போடலாம். இத்தனை நாள் காப்பாற்றியவளை மல்லிப்பூ அரிசிக்கே திருப்பி அனுப்பப் போகிறோம் என்று தோன்றியது.

அப்போது முக்காட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. என்னைப் பார்த்துத்தான் பேசினாள், ஆனால் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி.

"மாட்ராஸி திதி, யாருக்குத் தெரியணுமோ அவங்களுக்குச் சொல்லுங்க. நான் ஒரு விரதம் எடுத்திருக்கேன். என் காலால மிதிச்சு, என் கையால புடைச்ச ஆத்தப் தவிர வேற அரிசிய இந்த ஜன்மத்துல தொடமாட்டேன். கொல்லையில ஒரு டேக்கி போட்டுக் குடுத்தா சாப்பிடுவேன். இல்லேன்னா பட்டினி."

நான் எதையும் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விதவை எடுத்த விரதத்தைக் குலைத்தால் பாவம் அந்த வீட்டைச் சுற்றும். விரதம் காப்பவள் இருக்கிற வீட்டைப் பற்றிப் பாடா பேசினால் நல்லதாகத்தான் பேசும். அவர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "விரதம்னா அதுல நான் யாரு குறுக்க வர? நாளைக்கே தச்சனை வரச்சொல்றேன்." சொல்லிவிட்டு வண்டி கூப்பிடப் போனார். அவர் நடையே லேசாகிவிட்டிருந்தது.

மிஸ் ஹார்வி என் கையைப் பிடித்து உலுக்கினார், என்ன நடந்தது என்று. சொன்னேன். பிறகு நிஸ்தாரிணியிடம் கேட்டேன். "இத்தனை நாள் கூடவே இருந்தேன், எங்கிட்ட சொல்லவே இல்லையே? எப்ப எடுத்தீங்க அந்த விரதத்தை?"

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"இதோ, இப்பத்தான்."

அதையும் டாக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "முதல் மாதம் மெதுவாக மிதிக்கச் சொல்" என்றார். வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. நிஸ்தாரிணி யார் தோளையும் பிடிக்காமல் படியிறங்கிப் போய் ஏறிக்கொண்டாள்.